லனியாக்கேயா வெறும் பெயர்தானா?

நம் பால்வழி உட்பட ஏறத்தாழ 1 லட்சம் விண்மீன் மண்டலங்களைச் சேர்த்து, வானியலாளர் பிரென்ட் டல்லி குழுவினர் 2014-ல் ஒரு மாபெரும் கொத்தை வரையறுத்தார்கள். அதற்கு லனியாக்கேயா என்று ஹவாய் மொழியில் பெயரிட்டார்கள். அளவிட முடியாத வானம் என்று பொருள். குறுக்களவு சுமார் 52 கோடி ஒளியாண்டு. இது உண்மையிலேயே ஒரு பொருளா, நாம் போட்ட கோடா? சக்கரமா தேர், அச்சா தேர் என்று கேட்டு, தேர் வெறும் பெயர்தான் என மிலிந்த மன்னனைப் பௌத்தத் துறவி நாகசேனர் மடக்கிய அதே கேள்விதான்.

பெயர் மட்டுமே என்பவர்கள் பக்கம் வலு இருக்கிறது. ஈர்ப்பு இதை முழுதாகக் கட்டிவைக்கவில்லை. பிரபஞ்ச விரிவு இதை ஒருநாள் சிதறடித்துவிடும். ஆனால் எல்லை வரையப்பட்ட விதத்தைப் பாருங்கள். அளந்த ஒவ்வொரு மண்டலத்தின் வேகத்திலிருந்தும் விரிவின் பங்கைக் கழித்தார்கள். மிஞ்சிய நகர்வு நார்மா, சென்டாரஸ் கொத்துகள் இருக்கும் பக்கம் சரிந்தது. மலைமுகட்டில் விழும் மழைநீர் இருபுறமும் பிரிவதுபோல, நகர்வுகள் பிரியும் இடமே எல்லையானது. கழித்தவர் மனிதர்தானே என்று கேட்கலாம். கழித்தது நாம், சரிவு நம் படைப்பல்ல. நிலைத்திருப்பதே பொருள் என்றால் மேகத்தையும், ஏன், நம் உடலையும்கூட விட்டுவிட வேண்டியதுதான். நாகசேனர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன்: லனியாக்கேயாவுக்குள் தனியாக ஒளிந்திருக்கும் சாரம் எதுவுமில்லை. அது உறவுகளின் பின்னல். பால்வழி அடங்கிய நம் உள்ளூர்க் கூட்டம் நொடிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் விரைவதில் அந்தப் பின்னலின் இழுப்புக்கும் பங்குண்டு.