வழுவியோரை நிலைநிறுத்தும் அறம்



நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஆறாவது ஸ்திதிகரணம். அறநெறியினின்று வழுவியவரை மீண்டும் அந்நெறியில் நிலைநிறுத்துதல் என்பது அதன் பொருள். இதற்கு எடுத்துக்காட்டாக வாரிசேண முனிவரின் வரலாற்றைச் சான்றோர் கூறுவர். மகத மன்னன் சிரேணிகனின் மைந்தராகிய அவர், தம் நண்பர் புஷ்படாலர் துறவு பூண்டும் இல்லாளின் நினைவிலேயே உழல்வதை அறிந்தார். நண்பரை இகழ்ந்தாரில்லை, சங்கத்தினின்று விலக்கினாருமில்லை. அரண்மனைக்கு உடன் அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வத்தையும் தேவியரையும் காட்டி, வேண்டுமாயின் ஏற்றுக்கொள்க என்றார். நாணமுற்ற நண்பர் தெளிவு பெற்று நிலைத்தார்.

இவ்வறம் முனிவர்க்கு மட்டும் உரியதோ? நீதிமன்றத்திலும் இதன் சாயலைக் காணலாம். அமெரிக்காவின் மயாமி நகரில், போதைக்கு அடிமையானோர் சிறை செல்வதும், வெளிவந்து மீண்டும் அதே குற்றம் புரிந்து சிறை புகுவதும் ஓயாச் சுழலாயிற்று. அது கண்டு 1989ஆம் ஆண்டில் அங்கே போதைப்பொருள் வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றம் அமைத்தனர். இன்று அந்நாட்டில் இத்தகைய நீதிமன்றங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

இங்கே குற்றவாளி சிறைக்கு மாற்றாகச் சிகிச்சையை ஏற்கிறார். ஓராண்டோ அதற்கு மேலோ, குறித்த நாள்தோறும் நீதிபதியின் முன் நின்று தம் நிலையைக் கூறவேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையும் அடிக்கடி நடைபெறும். ஒழுங்காக நடப்பவரை நீதிபதி அவையறியப் பாராட்டுவார். தவறினால் கூடுதல் பரிசோதனை, சமூகப்பணி, சில நாள் சிறை எனப் படிப்படியாகக் கண்டிப்பு உயரும். முறையாக முடித்தவர்க்கு வழக்குத் தள்ளுபடியோ தண்டனைக் குறைப்போ கிட்டும்.

நம் பிராயச்சித்த முறையை அறிந்தவர்க்கு இது புதிதன்று. அகத்தவம் ஆறனுள் முதலாவதான பிராயச்சித்தத்தைத் தத்துவார்த்த சூத்திரம் ஒன்பது வகையாகப் பகுக்கிறது. குருவின் முன் குற்றத்தை மறையாது கூறும் ஆலோசனை அதன் தொடக்கம். மீண்டும் விரதத்தில் நிலைநிறுத்தும் உபஸ்தாபனம் அதன் முடிவு. இடையிலே தவமும் உண்டு, துறவுக்காலத்தைக் குறைக்கும் சேதமும் உண்டு. பிழைக்கேற்ற மருந்து, ஆயினும் நோக்கம் மீட்சியே.

செய்த வினையை அனுபவித்தே தீரவேண்டும், தண்டனையைத் தளர்த்தல் முறையோ எனச் சிலர் வினவலாம். வினைப்பயனை ஊட்டுமாறு எவரும் நம்மை நியமிக்கவில்லை. கட்டிய வினையும் தவத்தால் காலத்திற்கு முன்னரே உதிரும் என்பதன்றோ நிர்ஜரைத் தத்துவம்? தவம் செய்ய வேண்டியவர் அவரே. அதற்கு வாய்ப்பளித்தல் நம் கடமை.

பயன் உண்டோவெனின், உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான மதிப்பீட்டின்படி, நூற்றுக்கு 50 பேர் மீண்டும் குற்றம் புரியக்கூடிய இடத்தில், இம்முறையில் ஏறத்தாழ 38 பேரே புரிந்தனர். குறையும் உண்டு. நோயின் இயல்பால் மீண்டும் சறுக்கியவரைச் சிறையிலிடுவது தகாது என்பர் மருத்துவர் பலர். மெத்தடோன் போன்ற மருந்துகளைச் சில நீதிமன்றங்கள் நெடுங்காலம் மறுத்ததும் பிழையே.

நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலும் இவ்வருள் இடம்பெற்றுள்ளது. சிறிதளவு போதைப்பொருள் தொடர்பான குற்றம் சாட்டப்பெற்ற அடிமைப்பட்டவர், தாமே முன்வந்து அரசு ஏற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால், 64அ பிரிவு வழக்கினின்று விலக்களிக்கிறது. சிகிச்சையை இடையில் கைவிட்டால் அவ்விலக்கு நீக்கப்படலாம்.

பெற்றோரே, இதை எண்ணுங்கள். மதுவை ஏழு வியசனங்களுள் ஒன்றாகக் கண்டித்த மரபு நம்முடையது. அதனாலேயே, ஓர் இல்லத்தில் பிள்ளை போதைக்கு ஆட்பட்டால், நாணத்தால் கதவடைத்து மறைக்கிறோம். குற்றம் மறைத்தலாகிய உபகூகனம் இதுவே எனவும் கருதுகிறோம். பிறர் குறையைத் தூற்றாதிருத்தலே உபகூகனம்; நோயை மருத்துவரிடம் மறைத்தல் அன்று. ஐந்தாம் அங்கமாகிய அதனை அடுத்து ஆறாவதாக ஸ்திதிகரணம் நிற்பதை மறவாதீர். ஊரார் வாயினின்று காத்த பிள்ளையை, போதையினின்றும் காக்க வேண்டும். வாரிசேணர் நண்பரோடு தாமும் நடந்தார். மருத்துவமனை வாயில்வரை நாமும் உடன் நடப்போம்.

அறம் வெல்க!