அற்புத வசனங்களும் பொருள்கோள் அறமும்: திருக்குர்ஆன் உரைமரபை முன்வைத்து

முன்னுரை

சமயநூல்களுக்குப் பொருள்கொள்வதில் எழும் இடர்ப்பாடுகளுள் தலையாயது, இயற்கைக்கு அப்பாற்பட்டனவாகத் தோன்றும் நிகழ்ச்சிகளை எவ்வாறு கொள்வது என்பதாகும். சொல்லியவாறே நிகழ்ந்தன எனக் கொள்வதா, ஓர் உண்மையை உணர்த்த வந்த குறியீடுகள் எனக் கொள்வதா என்னும் வினா இசுலாமிய உரைமரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலவி வருகிறது. இது மொழி பற்றிய வினாவாகத் தோன்றினும் இதனுள் அறவினா ஒன்று பொதிந்துள்ளது. உரையாசிரியர் நூல் கூறுவதைக் கேட்கிறாரா, தாம் கேட்க விரும்புவதை நூலின் வாயில் வைக்கிறாரா என்பதே அது. திருக்குர்ஆனின் அற்புத வசனங்கள் சிலவற்றுக்கு எழுந்த உரைகளைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆயத் என்னும் சொல்

அற்புதத்திற்கு இறையியலார் வழங்கும் சொல் 'முஃஜிஸா' என்பதாகும். பிறரை இயலாதவராக்குவது என்பது அதன் பொருள். இக்கலைச்சொல் பிற்காலத்தது, திருக்குர்ஆன் இப்பொருளில் இதனை ஆளவில்லை. அது ஆளும் சொல் 'ஆயத்'. அடையாளம், சான்று எனப் பொருள்படும் இச்சொல்லே நூலின் ஒவ்வொரு வசனத்திற்கும் பெயராயிற்று. இரவும் பகலும் மாறி வருதலும் மழையால் நிலம் உயிர்த்தலும் இச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றன. எனவே கடல் பிளத்தலும் மழை பொழிதலும் நூலின் நோக்கில் ஓரினத்தவை. அற்புதம் காட்டுமாறு கேட்டோருக்கு, ஓதிக்காட்டப்படும் இந்நூலே போதாதா என்னும் கருத்தில் விடை தரப்படுவதும் (29:50-51) கருதத்தக்கது.

தன்னுள் தெளிவான வசனங்களும் பல்பொருட்கு இடந்தரும் வசனங்களும் உள எனத் திருக்குர்ஆனே கூறுகிறது (3:7). இரண்டாம் வகையின் விளக்கத்தை இறைவன் ஒருவனே அறிவான் என நிறுத்தி ஓதுவோர் உளர்; அறிவில் ஊன்றியோரும் அறிவர் எனச் சேர்த்து ஓதுவோரும் உளர். நிறுத்தும் இடம் மாறினால் உரையாசிரியரின் உரிமை எல்லையும் மாறிவிடுகிறது.

இடைக்காலச் சிந்தனை

நெருப்புப் பட்டவுடன் பஞ்சு எரிவதைக் காண்கிறோமேயன்றி, நெருப்பே எரித்தது என்னும் கட்டாயத் தொடர்பைக் காண்பதில்லை என்றார் கஸ்ஸாலி (1058-1111). ஆகவே இப்ராகீம் நபியை நெருப்புச் சுடாதிருந்தது அறிவுக்கு முரணாகாது என்பது அவர் துணிபு. நேர்ப்பொருள் இயலாதது என ஐயமற நிறுவப்பட்டாலன்றிக் குறிப்புப்பொருளை நாடலாகாது என்பது அவர் வகுத்த நெறி. காரண காரியத் தொடர்பை மறுப்பது அறிவையே மறுப்பதாகும் என இப்னு ருஷ்து (1126-1198) எதிருரைத்தார். நிறுவப்பட்ட உண்மையோடு நேர்ப்பொருள் முரணுமாயின், அரபு மொழிவழக்கிற்கு ஏற்பக் குறிப்புப்பொருள் கொள்ள வேண்டும் என்றார். ஆயினும், அவ்விளக்கங்களைப் பயிற்சியற்றோர்முன் வைக்கலாகாது என்றும், அற்புதங்கள் சமயத்தின் அடிப்படைகளாதலின் மெய்யியலார் அவற்றில் தலையிடலாகாது என்றும் எல்லை வகுத்தார்.

கோலால் அடித்தலும் கோலொடு நடத்தலும்

அலிகாரில் 1875இல் கல்லூரி நிறுவிய சர் சையது அகமது கான் (1817-1898), இறைவனின் சொல்லும் இறைவனின் செயலாகிய இயற்கையும் முரண்படா என்னும் கொள்கையுடன் 1880 முதல் திருக்குர்ஆன் உரையை வெளியிடலானார். மூசா நபி கடலைக் கோலால் அடிக்குமாறு பணிக்கப்பட்ட வசனத்திற்கு (26:63), கோலுடன் கடலில் நடந்து செல் என அவர் பொருள் கூறினார்; நீர் வற்றிய வேளையில் அக்கூட்டத்தார் கடந்தனர் என விளக்கினார்.

இவ்வுரைக்கு இலக்கண இடம் சிறிதுண்டு. அவ்வினைச்சொல்லுக்கு அடித்தல், செல்லுதல் என்னும் இரு பொருளும் உள. 'பி' என்னும் அரபு இடைச்சொல் கருவிப்பொருளும் உடனிகழ்ச்சிப் பொருளும் தரும். தொல்காப்பியத்தின் மூன்றாம் வேற்றுமை இவ்விரு பொருளையும் ஏற்பதை அறிந்தோர்க்கு இது புதிதன்று. எனினும், செல்லுதற் பொருளில் அவ்வினை நிலத்தில் என்பது போன்ற இடப்பொருள் உருபோடு வருதலே வழக்கு. கடல் பிளந்து ஒவ்வொரு கூறும் பெருமலை போன்றிருந்தது எனத் தொடரும் பகுதியும் வற்றிய நீருக்குப் பொருந்தவில்லை. இறைநெறியில் மாற்றமில்லை என அவர் காட்டிய சான்றும் (33:62) தன் இடத்தில் இயற்கை விதியைப் பற்றியதன்று. முன்னைச் சமுதாயங்களை இறைவன் நடத்திய முறையைப் பற்றியது.

எகிப்து நாட்டு முகம்மது அப்துகு (1849-1905), யானைப் படையை அழித்த பறவைகளை (அத்தியாயம் 105) நோய்க்கிருமி சுமந்த கொசு, ஈ போன்றவையாகக் கொள்ள இடமுண்டு என்றார். இவ்விருவர் உரையும் குறியீட்டு விளக்கம் எனப்படுவதுண்டு. உண்மையில் இவை குறியீடு காணவில்லை. ஒரு நிகழ்ச்சியை நீக்கி மற்றொரு நிகழ்ச்சியை வைத்தன. கிருமி நேர்ப்பொருளேயன்றிக் குறியீடன்று.

காலமும் கதையும்

திங்கள் பிளந்தது என்னும் வசனம் (54:1) இறந்தகாலத்தில் அமைந்துள்ளது. பெரும்பான்மையோர் இதனை மக்காவில் நிகழ்ந்த அற்புதமாகக் கொண்டனர். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் இவ்வற்புதத்தை நிகழ்ச்சியாகவே பாடுகிறது. இறுதிநாளில் நிகழவிருப்பது உறுதிபற்றி இறந்தகாலத்தால் கூறப்பட்டது எனச் சிலர் கொண்டனர். தெளிவுபற்றிக் காலம் மயங்குவதை நன்னூலும் ஏற்கும். இவ்விரண்டாம் உரை அற்புதத்திற்கு அஞ்சி எழுந்ததன்று. அத்தொடரிலேயே இறுதிவேளை நெருங்கியமை கூறப்படுவதால் எழுந்தது.

திருக்குர்ஆன் கதைகளின் நோக்கம் வரலாறு உரைப்பதன்று, அறம் உணர்த்துவதே என முகம்மது அகமது கலஃபுல்லா 1947இல் கெய்ரோ பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. நசர் ஹாமித் அபூ சைதை 1995இல் எகிப்திய நீதிமன்றம் சமயம் துறந்தவராக அறிவித்து, அவருடைய திருமண உறவையும் நீக்கியது. பொருள்கோள் ஏட்டளவில் நிற்பதில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

உரையாசிரியரின் அறம்

குறியீட்டு நெறிக்கு எல்லை வேண்டும். கடல் குறியீடாயின் மறுமையும் குறியீடாகலாமே என்னும் அச்சம் வெற்றச்சமன்று. உடலோடு எழுப்பப்படுதலை மெய்யியலார் மறுத்தமையைக் கஸ்ஸாலி கடிந்ததும் இதுபற்றியே. நேர்ப்பொருள் நெறிக்கும் குறையுண்டு. கடல் பிளந்த வியப்பில் நின்றுவிடுவோர், அடிமைப்பட்ட மக்கள் கொடுங்கோலனிடமிருந்து மீண்டனர் என்னும் சான்றினைத் தவறவிடக் கூடும்.

இவற்றிலிருந்து மூன்று நெறிகளைப் பெறலாம். முதலாவது, பொருள் மாற்றத்திற்கான காரணம் வசனத்தின் இலக்கணத்திலோ இடத்திலோ இருத்தல் வேண்டும். உரையாசிரியரின் கூச்சம் காரணமாகாது. இரண்டாவது, விரும்பும் வசனத்திற்கு ஓர் அளவுகோலும் விரும்பாத வசனத்திற்கு வேறோர் அளவுகோலும் கொள்ளலாகாது. மூன்றாவது, மாற்றுரை கண்டவரை மறுக்கலாம்; தண்டிக்கலாகாது. விரைந்து சமயமறுப்புப் பட்டம் சூட்டுவதைக் கஸ்ஸாலியே தனிநூல் எழுதி எச்சரித்துள்ளார்.

முடிவுரை

சர் சையதின் உரை இலக்கண நோக்கில் வலுவிழந்ததாயினும், தம் உரைக்கான காரணத்தை மறைக்காது முன்வைத்த நேர்மை அவருக்கு உண்டு. அதனாலேயே அவ்வுரையை ஆராயவும் மறுக்கவும் இயல்கிறது. நேர்ப்பொருளோ குறிப்புப்பொருளோ, தன் காரணத்தைக் காட்டி மறுப்புக்கு இடந்தரும் உரையே அறமுடைய உரை எனலாம்.