திரையில் சுழலும் சக்கரம்

இணையப் பக்கத்தில் ஒரு சக்கரத்தைச் சுழலவிட ஜாவாஸ்கிரிப்டில் நாலைந்து வரி போதும். கோணத்தோடு 2 டிகிரி கூட்டு, படத்தைத் திருப்பி வரை, அடுத்த ஃபிரேமுக்குக் காத்திரு. வினாடிக்கு 60 ஃபிரேம் காட்டும் திரையில் மூன்று வினாடிக்கு ஒரு சுற்று முடிந்துவிடும்.

ஆனால் எந்த ஃபிரேமை நிறுத்திப் பார்த்தாலும் சக்கரம் அசையாமல்தான் நிற்கிறது. அப்படியானால் சுழற்சி எங்கே இருக்கிறது?

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இலியா நகரத்துத் தத்துவவாதி ஜீனோ பறக்கும் அம்பை வைத்து இதையே கேட்டார். கடந்த பாதையிலும் நடை இல்லை, கடக்காத பாதையிலும் இல்லை என்று பௌத்த தத்துவவாதி நாகார்ஜுனர் மூலமத்யமக காரிகை என்ற நூலில் மடக்கினார். வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு இடத்தில் இருப்பதுதான் இயக்கம், அதற்கு மேல் எதுவுமில்லை என்று 1903இல் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸல் எழுதினார்.

நிரல் ரஸல் பக்கம்தான் என்று தோன்றும். பழைய ஃபிளாஷ் அசைபட மென்பொருளின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் 450 டிகிரி என்று கொடுத்தாலும் அது 90 ஆகிவிடும். சுற்றி வந்த சுற்றுக்குக் கணக்கே இல்லை. இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழி அப்படியல்ல. அதில் 90க்கும் 450க்கும் படம் ஒன்றே. ஆனால் மெல்ல பூஜ்யத்துக்குத் திரும்பச் சொன்னால் முன்னது கால் சுற்றும் பின்னது ஒன்றேகால் சுற்றும் சுற்றித் திரும்பும்.

கண்ணுக்குத் தெரியாமல் ஓர் எண் பழைய கணக்கைச் சுமக்கிறது.

எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்ற பௌத்தர்களை எதிர்வாதிகள் இந்த இடத்தில்தான் பிடித்தார்கள்: நேற்றைய வினையை இன்றைக்குச் சுமந்து வருவது யார்? சுமப்பவர் யாருமில்லை, ஒரு கணம் அடுத்த கணத்தைப் பிறப்பிக்கிறது, அந்தத் தொடர்ச்சியே போதும் என்பது அவர்கள் பதில். சக்கரத்தைச் சுழற்றும் நிரலிலும் பழைய கோணத்திலிருந்து புதிய கோணத்தைப் பிறப்பிப்பது அந்த ஒரு கூட்டல் வரிதான்.