முதுமையும் உறைவிடமும்

வீட்டை நீத்து முதியோர் இல்லம் புகுவது எப்போது? நடக்க வலுவுள்ளபோதே தாமே முடிவெடுத்தல் நன்று. நோயுற்றபின் முடிவு பிள்ளைகளின் கைக்குப் போய்விடும் என்பர். சரியே. ஆயின் அது சொந்த வீடுடையோருக்கான அறிவுரை. பண்டாரவளையின் இதமான காலநிலையை நாடி ஓய்வுக்காலத்தில் வருவோருக்குப் பொருந்தும். அதே மலைச்சரிவில் லயத்தில் வாழும் மூதாட்டிக்கோ, குடியிருக்கும் காம்பரா தோட்டத்துக்குரியது, வேலையோடு பிணைந்தது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம். பணம் கைக்கு வரும், காம்பரா சொந்தமாகாது. குடும்பத்தில் ஒருவரேனும் கொழுந்தெடுத்தால்தான் அங்கே அச்சமின்றி இருக்க முடியும். எனவே பேத்தி கொழும்பில் வேலை தேட எண்ணுகையில் பாட்டியின் உறைவிடமும் கேள்விக்குள்ளாகிறது. பாட்டி எதையும் தீர்மானிக்கவில்லை; பேத்தியும் தன் விருப்பப்படி தீர்மானிக்க இயலாது. அவள் தங்கிவிட்டால் ஊரார் அதனைப் பிள்ளைக்கடன் என்று மெச்சுவர். அவளைத் தடுத்தது குடியிருப்பு ஒழுங்கு என்பதை யாரும் சொல்வதில்லை.