பிழையின் பங்கும் நீதியின் பங்கும்

லாரி மோதிக் கணவனை இழந்த ஒரு பெண் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்திருந்தாள். லாரி கட்டுக்கடங்கா வேகத்தில் வந்தது உண்மை. அந்தி மயங்கிய பின்னும் மாண்டவர் விளக்கில்லாத வண்டியில் சாலை நடுவே சென்றதும் உண்மை. இரண்டையும் கண்ணாரக் கண்ட ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத்! முழுவதையும் சொன்னால் அந்த ஏழைக்குக் கிடைப்பது குறையும். பாதியைச் சொன்னால் என் ஈமான் குறையும். நான் என்ன செய்ய?" என்றார்.

இடருற்றவரின் கவனக்குறைவும் விபத்துக்கு ஒரு காரணமானால் அவருடைய பங்குக்குத் தக்க இழப்பீட்டைக் கழிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களின் வழக்கம். இங்கிலாந்தில் முன்னர் இதனினும் கடுமையான நெறி நிலவிற்று. தெருவில் குறுக்கே கிடந்த கழியில் குதிரையோடு மோதி விழுந்த ஒருவர், தாமும் விரைந்து வந்த குற்றத்தால் ஒரு காசும் பெறலாகாது என 1809இல் தீர்ப்பாயிற்று. பிழையைப் பகிர்ந்து கணக்கிடும் சட்டம் அங்கு 1945இல்தான் பிறந்தது.

நம் ஃபிக்ஹு நூல்களோ இப்பகிர்வை எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசின. மூன்று சிறுமியர் விளையாடினர். ஒருத்தி மற்றொருத்தியைச் சுமந்தாள். மூன்றாமவள் சுமந்தவளைக் கிள்ளினாள். அவள் துள்ள, மேலிருந்தவள் விழுந்து கழுத்து முறிந்து மாண்டாள். ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள் தியத்தை மூன்றாகப் பகுத்து, கிள்ளியவள் மீதும் துள்ளியவள் மீதும் ஒவ்வொரு பங்கைச் சுமத்தி, மாண்டவளின் பங்கைத் தள்ளினார்கள் என்று அந்நூல்கள் கூறுகின்றன. தன் கேட்டுக்குத் தானும் துணைநின்றாள் என்பதே காரணம்.

ஆயினும் இமாம்கள் எல்லா இடத்தும் ஒருமித்தார்களில்லை. இரு குதிரை வீரர் மோதி இருவருமே மாண்டால், ஒவ்வொருவருக்கும் முழுத் தியத் உண்டு என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). ஒவ்வொருவரும் தம் செயலாலும் பிறர் செயலாலும் மாண்டமையால் பாதியே உண்டு என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). மாண்டவருக்கு நேர்ந்த இழப்பு முழுமையானது என்பது ஒரு பார்வை. அவரும் அதற்குக் காரணர் என்பது மற்றொரு பார்வை. இரண்டிலும் நீதியின் ஒளி உண்டு.

இங்கே ஒன்றை மறத்தலாகாது. குற்றம் வேறு, காரணம் வேறு. இருசக்கர வண்டியில் மூவர் செல்வது சட்டமீறலே. எனினும் அம்மீறல் விபத்துக்கோ விளைவுக்கோ காரணமாயிற்று என நிறுவாமல் இழப்பீட்டைக் குறைத்தலாகாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. எதிர்வாதம் பேச இயலாத மய்யித்தின் மீது எல்லாப் பழியையும் ஏற்றிவிட்டுத் தப்ப நினைப்போரும் உலகில் உண்டன்றோ? அவர்கள் செய்வதும் அநீதியே. எல்லாம் விதி என்று கூறி ஓட்டுநர் கைகழுவுதலும் அவ்வாறே. தவறுதலாக நேர்ந்த கொலைக்கும் திருமறை தியத்தை விதித்திருக்கிறது. களாகத்ரை நம்புதல் பொறுப்பைத் துறப்பதற்கன்று.

வந்தவரிடம் நாம் சொன்னது இதுதான்: கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் கூறுக. விளக்கின்மையைச் சொல்லும் நாவே லாரியின் வேகத்தையும் சொல்லட்டும். இன்னார் பங்கு இவ்வளவு என அளப்பது நீதிபதியின் வேலை, உமதன்று. நமக்கோ நம் உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. ஏழையின் மீதுள்ள இரக்கமும் அக்கட்டளையைத் தளர்த்தாது.

அவர் அவ்வாறே சாட்சி சொன்னார். இழப்பீட்டில் ஒரு பங்கு குறைந்தது. மஹல்லாவில் பலர் அவரை ஏசினர். ஏசியவர்களுள் ஒருவரேனும் குறைந்ததை ஈடுசெய்ய முன்வரவில்லை.

நம் சிந்தனைக்குரிய இடம் இதுவே. தவறுதலாகக் கொன்றவனின் தியத்தை அவனுடைய தந்தைவழிச் சுற்றத்தார் பகிர்ந்து சுமக்க வேண்டும் என மார்க்கம் வகுத்தது. பிழை செய்தவனின் சுமையையே சமூகம் தாங்க வேண்டுமாயின், பிழைக்குப் பங்காளியல்லாத விதவையின் குறையைத் தாங்க ஜமாஅத்துக்கு என்ன தடை? இஃது ஃபத்வா அன்று. நம் நெஞ்சின் வேண்டுகோள். உண்மைக்கான விலையை விதவையும் அவளுடைய யத்தீம்களும் தனியே செலுத்துமாறு விட்டுவிட்டு, பொய் சொல்லாத சாட்சியைத் தூற்றுவது எவ்வகை இரக்கம்?

வாய்மையைச் சொல்லும் துணிவையும், அதன் சுமையைப் பகிரும் பண்பையும் வல்ல அல்லாஹ் நமக்கு ஒருங்கே அருள்வானாக. ஆமீன்.