பகல் தூக்கம்

எங்கள் தெருவில் எந்த நேரத்திலும் யாராவது ஒருவருடைய அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். சென்னையில் புளியந்தோப்புப் பக்கம், மில்லுக்குக் கூப்பிடு தூரம். ஊர் வாயில் பின்னி மில். வேலை செய்தவர்களுக்கு பி அண்ட் சி. இரண்டு மில்கள் சேர்ந்தது அது. பக்கிங்ஹாம் மில் 1870களில் வந்தது, கர்நாடிக் மில் சில வருடம் கழித்து. நாங்கள் பிறந்தபோது அதற்கு நூறு வயது ஆகிவிட்டிருந்தது. மலை, ஆறு மாதிரி அதுவும் எப்போதும் இருக்கும் என்று நினைத்திருந்தோம்.

மூன்று ஷிப்ட். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் புருவத்திலும் காது மடலிலும் பஞ்சோடு வருவார். அடிபம்பில் தலையை நனைத்துக்கொண்டு, பழையது குடித்துவிட்டு, வெயில் ஏறும் நேரத்தில் ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுப் படுத்துவிடுவார். ஸ்டோர் வீட்டில் ஒரு குடித்தனத்துக்கு ஒரே அறை. அவர் படுத்துவிட்டால் மற்றவர்களுக்கு வாசல்படி.

*

சத்தமில்லாத விளையாட்டுகளில் நாங்கள் தேர்ந்தவர்கள். ஐஸ்பாய் பரவாயில்லை, ஒளிந்திருக்கும்வரை வாய் மூடியிருக்கலாம். பிடிபடும் நேரம்தான் ஆபத்து. கோலியை மண் தரையில்தான் ஆடவேண்டும், சிமெண்டில் கூடாது. பம்பரத்தில் தோற்றவன் பல்லைக் கடித்துக்கொண்டு அழுவான். கேரம் போர்டு பகலில் வெளியே வராது. ஸ்ட்ரைக்கர் கட்டையில் மோதும் சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் என்பது பெரியவர்கள் கருத்து. இருட்டிய பிறகு தெருவிளக்கின் கீழே போர்டு வைத்து, பவுடர் தூவி, நடு ராத்திரிவரை ஆட்டம்.

1991-லும் 1995-லும் உலக கேரம் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-ல் பட்டம் வென்ற காசிமா வடசென்னைப் பெண். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மைதானம் கிடைக்காத இடத்தில் ஒரு பலகையும் நாலு பேரும் போதும்.

*

அப்பா வீவிங்கில் இருந்தார். நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு, மிச்சத்துக்குக் கை. நூல் அறுந்தது, மேஸ்திரி வருகிறார், டீக்குப் போகலாமா, எல்லாவற்றுக்கும் ஒரு ஜாடை. அந்த ஜாடைகளைப் பையன்கள் வகுப்பறையில் பயன்படுத்திக்கொண்டோம்.

வீட்டில் அதே மனிதர் உரக்கத்தான் பேசுவார். அப்பா ரகசியம் சொன்னால் பக்கத்து ஸ்டோருக்குக் கேட்கும். எங்கள் பேட்டை ஆட்கள் எப்போதும் சண்டை போடுகிற மாதிரிப் பேசுவதாக நகரத்தின் மற்ற பகுதிகளில் ஒரு எண்ணம் உண்டு. கொஞ்சம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதில் பாதி கோபமல்ல, காது.

*

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில்காரர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூடவே நின்றார். அப்போதைய கோரிக்கைகளில் ஒன்றைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரைமணி நேரத்தை நாற்பது நிமிடமாக்க வேண்டும். பத்தே நிமிடம். கையைக் கழுவி, வாயைத் துடைத்து, ஒரு நொடி சுவரில் சாய்ந்து கண்ணை மூட அது போதும்.

1921 பற்றியும் படித்தேன். மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம், தொழிலாளர்களே சாதியால் இரண்டாகப் பிரிந்தது, எங்கள் பேட்டையில் குடிசைகள் எரிந்தது. இதை எந்தத் தாத்தாவும் எங்களுக்குச் சொன்னதில்லை. எந்தத் தெருப்பிள்ளையோடு விளையாடலாம், எந்தத் தெருவுக்குப் போகக்கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு."

*

1996-ல் மில் மூடியது. அதற்கு முன்பும் மூடித் திறந்திருந்ததால் முதல் சில மாதங்கள் யாரும் நம்பவில்லை. சங்கு ஊதாத காலையில் அப்பா பழைய நேரத்துக்கே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவார். மதியம் திரும்பி வந்து பாயில் படுப்பார். தூக்கம் வராது. மேலே ஓட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தெருவில் பகலில் தூங்கவேண்டியவர் என்று இப்போது ஒருவரும் இல்லை. ஆனாலும் அடுத்த தலைமுறைப் பிள்ளைகளும் கொஞ்ச காலம் சத்தமில்லாமலே விளையாடினார்கள். முழித்திருக்கிற அப்பாவை எழுப்பிவிடக்கூடாது என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ. காலி மில்லில் சினிமா ஷூட்டிங் நடந்தது, வில்லனின் கூடாரமாக. பிறகு அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பின.

*

இத்தனை எழுதியும் அம்மாவைப் பற்றி ஒரு வரி வரவில்லை. தண்ணீர் எங்கள் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்கு மேல்தான் வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் குழாயடியில் குந்தியிருப்பார்கள். விடிந்ததும் வேலை முடிந்து வருகிறவருக்குப் பழையது. பிறகு எங்களுக்குப் பள்ளிக்கூடம். பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து, தூங்குகிறவரின் தூக்கத்துக்குக் காவல். அப்பா தூங்கியது எனக்கு நினைவிருக்கிறது, அம்மா தூங்கி ஒரு காட்சிகூட நினைவில் இல்லை.

போன மாதம் கேட்டேன், "நீ எப்பம்மா தூங்குவ?"

"மகாலட்சுமில."

ஓட்டேரி மகாலட்சுமி தியேட்டர். பழைய எம்.ஜி.ஆர். படங்கள் ஓடும். ஸ்டோர் பெண்களோடு எங்களையும் இழுத்துக்கொண்டு மேட்னிக்குப் போவாள். திரும்பி நடந்து வரும்போது கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்வாள். எங்களுக்குப் புரிந்ததா என்று சோதிக்கிறாள் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"அந்தச் சத்தத்துலயா தூங்குவ?"

"அங்க ஃபேன் இருந்துச்சு. தண்ணி வந்துச்சின்னு ஒருத்தியும் கூப்புட மாட்டா. கடைசி சண்டைல மட்டும் என்னைத் தட்டி எழுப்பச் சொல்லிப் பக்கத்து ரூம்பு அக்காகிட்ட சொல்லி வச்சிருந்தேன்."