கரை சேர்க்கும் கூலி

நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் ஸ்பெயின் நாட்டின் தென்கரையில் அலுவல் பார்த்து வருகிறார். விடுமுறையொன்றில் மொரோக்கோ நாட்டுக்குச் சென்று திரும்பிய வரலாற்றை அவர் நமக்கு நீண்டதொரு கடிதமாக வரைந்திருந்தார். விமானத்தை நாடாது, பேருந்திலும் கப்பலிலுமாக, கைச்செலவை இயன்ற மட்டும் சுருக்கிக்கொண்டு போய் வந்திருக்கிறார். தரீஃபாத் துறையில் கப்பலேறினால் ஒரு மணி நேரத்தில் தன்ஜா. மேனாட்டார் டாஞ்சியர் என்றழைக்கும் துறைநகர் அதுவே. அங்கிருந்து பேருந்தில் ஃபாஸ் நகர். முன்பின் அறியாத பயணிகள் சேர்ந்து ஏறிக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளும் வாடகைக் கார்களும் அந்நாட்டில் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. காலையில் பிஸாரா என்னும் பருப்புக் கூழும் ரொட்டியும், இரவில் பழைய நகரின் சந்தொன்றில் எளிய விடுதியும் அவருக்குப் போதுமாயிருந்தன.

திரும்பும் வழியில் பேருந்தில் அவரருகே ஃபாஸ் நகரத்து இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தாராம். வேலை தேடித் தன்ஜாவுக்குச் செல்பவர். தம் பொதியை அவிழ்த்து ரொட்டியையும் ஒலிவக் காய்களையும் சரிபாதியாகப் பிரித்து நீட்டினார். இடையில் பேருந்து நின்ற இடத்தில் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார். இவர் தர முன்வந்தபோது, 'நீங்கள் முஸாஃபிர்' என்று கூறி மறுத்துவிட்டார். துறைமுக வாசல்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு உடன் வந்தவர், 'எனக்கு வழி இதுவரைதான்' என்று ஸலாம் சொல்லி நின்றுகொண்டார். கடிதத்தின் முடிவில் மாணவர் கேட்கிறார்: "குறைந்த செலவில் நாடு பார்த்தேன் என்று மகிழ்ந்திருந்தேன், உஸ்தாத். அவருடைய ரொட்டியை உண்ட நான் கப்பலேறினேன். அவர் ஏற இயலவில்லை. என் மகிழ்ச்சி நேர்மையானதுதானா?"

ஒருவருக்கு எழுதும் பதிலோடு முடித்துக்கொள்ளத்தக்க வினாவாக இது நமக்குத் தோன்றவில்லை. ஆகவே வாசக அன்பர்கள் முன்னிலையிலும் இதனை வைக்கிறோம்.

ஜிப்ரால்டர் நீரிணை அதன் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் அகலமே உடையது. வானம் தெளிந்த நாளில் ஒரு கரையில் நிற்பவர் மறு கரையின் மலைகளைக் காணலாம். கப்பலுக்கும் குறைவில்லை, கட்டணமும் சில பத்து யூரோக்கள்தாம். ஐரோப்பாவில் குடியிருக்கும் மக்ரிபு நாட்டினர் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் சென்று வரும் பருவத்தில், அண்மை ஆண்டுகளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் இந்நீரிணையைக் கடந்திருக்கிறார்கள். மொரோக்கோ நாட்டவர் ஸ்பெயினுக்குச் செல்ல 1991-ஆம் ஆண்டு மே மாதம் வரை விசாவும் தேவைப்படவில்லை. அதன் பின்னரே அது கட்டாயமாயிற்று. அந்த இளைஞரைத் தடுத்து நிறுத்தியது கடலன்று, கட்டணமும் அன்று. வங்கியில் இருப்பு எவ்வளவு, நிலையான வேலை உண்டா, ஊருக்குத் திரும்புவீர் என்பதற்கு என்ன சான்று என்று கேட்கும் ஒரு படிவம்.

இவ்விடத்தில் நம் முன்னோர்களான சட்ட அறிஞர்கள் வகுத்த ஒரு நுட்பத்தை நினைவுகூர்வது பொருந்தும். ஜகாத் பெறத் தகுதியுடையோரென இறைமறை எண்ணிக் கூறும் எட்டு வகையினருள் 'இப்னு ஸபீல்' என்னும் வழிப்போக்கரும் ஒருவர். அச்சொல்லுக்குப் 'பாதையின் மகன்' என்பது பொருள். ஏழையும் வறியவரும் அப்பட்டியலில் முன்னரே இடம்பெற்றிருக்க, வழிப்போக்கரைத் தனியே கூறியது எதற்காக? அவர் ஊரில் செல்வராக இருக்கலாம். ஆயினும் வழியில் கையிருப்பின்றி நிற்பாரானால் அவர் உரியவரே என்று ஃபிக்ஹு நூல்கள் விடை பகர்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபினர் இன்னும் ஒரு படி மேற்சென்று, இடைவழியில் நிற்பவர் மட்டுமின்றி, சொந்த ஊரிலிருந்து பயணம் புறப்பட விரும்பி அதற்கு வகையில்லாதவரையும் இவ்வகையில் சேர்த்தனர். பயணம் பாவத்தை நாடியதாக இருத்தலாகாது என்பதே நிபந்தனை.

இரண்டு வினாக்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். 'உம் கையில் இப்பொழுது என்ன இருக்கிறது?' என்று பழைய சட்டம் கேட்டது. ஒன்றுமில்லை என்றால் கொடுத்தது. 'உம் வீட்டில் என்ன இருக்கிறது?' என்று இன்றைய படிவம் கேட்கிறது. ஒன்றுமில்லை என்றால் மறுக்கிறது. முன்னதில் இல்லாமை உரிமையைத் தந்தது. பின்னதில் அதே இல்லாமை குற்றத்தின் சாயலைப் பெற்றுவிடுகிறது.

இது முஸ்லிம்களுக்கு மட்டும் விளங்கிய அறமன்று என்பதற்கு அதே கடலிலிருந்து ஒரு சான்று உண்டு. அந்தலூஸ் நாட்டுப் பேரறிஞர் இப்னு ஜுபைர் 1183-ஆம் ஆண்டு கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். ஸப்தாத் துறையில் அவர் ஏறியது ஜெனோவா நாட்டுக் கிறித்தவர்களின் கப்பல். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அது அவரை இஸ்கந்தரிய்யாவில் இறக்கிற்று. சிலுவைப் போர்கள் நடந்த காலமது என்பதை மறக்கலாகாது. திரும்பும் வழியில், 1184-ஆம் ஆண்டின் இறுதியில், சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரருகே அவர் வந்த கப்பல் புயலில் சிக்கி உடைந்தது. கரையிலிருந்து சிறு படகுகள் வந்தன. ஆனால் படகோட்டிகள் கரை சேர்க்கப் பெருங்கூலி கேட்டனர். காசில்லாத ஏழை முஸ்லிம்கள் உடைந்த கப்பலிலேயே நின்றனர். அதைக் காண வந்திருந்த சிசிலியின் கிறித்தவ மன்னர் இரண்டாம் வில்லியம், அவர்கள் நிலையறிந்து, தம் நாணயத்தில் நூறு காசுகளைப் படகோட்டிகளுக்குக் கொடுக்கச் செய்து அவர்களைக் கரையேற்றினார். இப்னு ஜுபைர் இதனைத் தம் பயண நூலில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

அம்மன்னர் அவ்வேழைகளிடம் கணக்குக் கேட்கவில்லை. உடைந்த கப்பலில் நிற்பவருக்கும் கரைக்கும் இடையே உள்ள கூலி, கொடுக்க இயன்றவர்மேல் விழும் கடன் என்று உணர்ந்தார்.

அப்படியானால் எந்த நாடும் தன் வாசலில் காவல் வைக்கலாகாதா என்று கேட்கப்படலாம். வைக்கலாம், எக்காலத்திலும் வைத்திருக்கிறார்கள். இஸ்கந்தரிய்யாவின் சுங்கத்தில் முஸ்லிம் அலுவலர்கள் பயணிகளை இழிவுபடச் சோதித்ததை இப்னு ஜுபைர் வருந்தி எழுதுகிறார். கிறித்தவர் ஆட்சியிலிருந்த பலஸ்தீனக் கரையின் அக்கா நகரிலோ, அரபு மொழியறிந்த கிறித்தவ எழுத்தர்கள் மரியாதையோடு சோதித்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். வாசல் இருப்பதில் அநீதி இல்லை. வாசலில் நிற்பவரை மனிதராக மதிக்கிறோமா என்பதிலேதான் அறம் சோதிக்கப்படுகிறது.

குற்றத்தை வடகரையின்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் அமைதியடைவதும் முறையன்று. மொரோக்கோவும் அல்ஜீரியாவும் இரண்டுமே முஸ்லிம் நாடுகள். மொழியும் மத்ஹபும் ஒன்று. எல்லையின் இருபுறமும் கொண்டு கொடுத்த குடும்பங்கள் வாழ்கின்றன. ஆயினும் அவற்றின் தரைவழி எல்லை 1994-ஆம் ஆண்டு மூடப்பட்டது, இன்றுவரை திறக்கப்படவில்லை. 2021-ஆம் ஆண்டு தூதரக உறவும் முறிந்து, நேர் விமானப் போக்கும் நின்றது. வஜ்தாவில் இருப்பவர் அருகிலுள்ள திலிம்ஸானில் ஒரு ஜனாஸாவுக்குச் செல்ல வேண்டுமானால் மூன்றாவது நாடொன்றைச் சுற்றிப் பறக்க வேண்டும். பணமுடையவர் பறக்கிறார், இல்லாதவர் தம் வீட்டிலிருந்தே துஆச் செய்கிறார். தரைவழியை மூடுவது ஏழையின் வழியை மூடுவதே என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுவதில்லை.

வழி மூடப்பட்டால் மனிதர் பயணத்தைக் கைவிடுவதில்லை. ஆபத்தான வழியைத் தேடுகிறார்கள். முறையான கப்பலின் கட்டணத்தைப் போல் பன்மடங்கு பணத்தைத் தரகர்களிடம் கொடுத்து, உறுதியற்ற படகில் ஏறுகிறார்கள். 2014-ஆம் ஆண்டுக்குப் பின் மத்தியதரைக் கடலில் இறந்தோரும் காணாமற்போனோருமாகக் கணக்கில் வந்தவர்களின் எண்ணிக்கை 30 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மிக வறியவரே மிக உயர்ந்த கட்டணத்தைச் செலுத்தி, கரையையும் காணாமற் போகிறார்.

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். அவர் மகிழ்ந்ததில் பிழையில்லை. எளிமையாகப் பயணம் செய்தவருக்கே அந்த ரொட்டியும் தேநீரும் வாய்த்தன. உயர்ந்த விடுதியில் தங்கியிருந்தால் அந்த இளைஞரைச் சந்தித்தே இருக்கமாட்டார். ஆனால் சிக்கனமாகச் செய்த பயணம் இலவசமாகச் செய்த பயணமாகாது. நாம் மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதி வழியிலுள்ள எளியவர்களின் ஈகையால் மிஞ்சியது. விரும்பிச் சிக்கனம் கொள்பவருக்கு எந்நேரமும் திரும்பிச் செல்ல வழியுண்டு; வேறு வழியின்றிச் சிக்கனம் கொள்பவருக்கு அது இல்லை. இந்த வேற்றுமையை மறந்தால் சிக்கனம் தற்பெருமையாகிவிடும். நினைவில் வைத்தால் அது கடனாக நிற்கும்; கடன் தீர்க்கப்பட வேண்டியது.

அந்த இளைஞரிடமே அதைத் தீர்க்க இயலாமற் போகலாம். தென்கரையிலிருந்து வந்து இறங்குவோர் மாணவர் வாழும் ஊரிலேயே இருப்பார்கள். ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுப்பதும், ஒரு வேளை உணவில் பங்கு தருவதும், பேசத் தெரியாதவருக்காக அலுவலகத்தில் நின்று பேசுவதும் வழிப்போக்கரின் உரிமையைச் சார்ந்தனவே. அவர் குடியிருக்கும் நாட்டில் கருத்துக் கேட்கப்படும்போது, ஏழைக்கும் ஒரு நேர்வழி வேண்டும் என்று சொல்வதும் அதில் அடங்கும்.

தன்ஜா நகரின் மைந்தர் ஒருவர் நம் கரைக்கும் கடன்பட்டவர். 1325-ஆம் ஆண்டு 21 வயதில் அங்கிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, பல்லாண்டுகளுக்குப் பின் இலங்கையிலிருந்து மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் சோழமண்டலக் கரையை நோக்கி வருகையில் கப்பல் சேதமுற்றது. இரவெல்லாம் உடைந்த கலத்தில் கழித்தவரை, விடிந்ததும் படகில் வந்து கரை சேர்த்தவர்கள் அவருடைய மார்க்கத்தைச் சேராத இந்நாட்டு மக்கள். அவரே எழுதி வைத்த செய்தி இது. அந்தத் தன்ஜாவின் துறைமுக வாசலில்தான் ஓர் இளைஞர் நம் மாணவரின் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நடந்திருக்கிறார். இதையே மாணவருக்கு எழுதினோம். அவரது முகவரியைக் கேட்டு வைத்தீரா என்றும் ஒரு வரி சேர்த்தோம்.